நடுவீட்டில் ஃபேன் காற்று வாங்கிய இன்ஜின்: ராஜபாளையத்தில் இரண்டு நாள்

மதுரையில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் 1988 மாடல் கான்டெஸ்ஸா கார் ஒன்று மூன்று வருடமாக இன்ஜின் இல்லாமல் நிற்கிறது. பழைய இன்ஜினின் பிளாக்கில் விரிசல் விட்டுவிட்டது, ஒட்டிப் பார்த்தும் பயனில்லை. என் கணவர் பொறுமைசாலிதான். ஆனாலும் இந்த வருடத்துக்குள் வேறு இன்ஜின் அமையாவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. சரி என்று சொன்னதும் நான்தான். அன்றைக்கு ஏதோ வீராப்பில் சொல்லிவிட்டேன்.

அப்படியிருக்க, போன மாதம் பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இந்த விளம்பரம் வந்தது. 2005 மாடல் ஜெர்மன் கார் ஒன்றின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கம்பெனியிலேயே சூப்பர்சார்ஜர் வைத்து வந்தது. கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் ரூபாய். இடம் ராஜபாளையம். எனக்குக் கை பரபரத்தது. டர்போ என்றால் புகையின் வேகத்தில் சுற்றும், அதனால் மிதித்த பிறகு கொஞ்சம் யோசித்துத்தான் இழுக்கும். சூப்பர்சார்ஜர் இன்ஜினிலிருந்தே பெல்ட் போட்டுச் சுற்றுவதால் மிதித்த உடனே காற்றைத் திணிக்கும். கம்பெனியே வைத்தது என்றால் பிஸ்டனும் கேஸ்கெட்டும் அந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டிருக்கும். வெளியில் வாங்கி மாட்டியதென்றால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

போன் செய்தேன். எடுத்தவர் பெயர் வேலுச்சாமி. ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது டிராக்டர் பழுது பார்க்கிறாராம். "சீக்கிரம் வந்து எடுத்துட்டுப் போங்கம்மா. இது வீட்ட விட்டுப் போனாத்தான் என் சம்சாரம் வீட்டுக்கு வருவா" என்றார். விற்கிறவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள், இது இவருடைய கதை என்று சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை 6.10க்கு மாட்டுத்தாவணியில் தென்காசி பஸ். தோள்பையில் கம்ப்ரஷன் கேஜ், டார்ச், ரிஞ்ச் செட், ஒரு மாற்றுப் புடவை என்று பதினொரு கிலோ இருக்கும். டிக்கெட் தொண்ணூறு ரூபாய். திருமங்கலம், கிருஷ்ணன்கோவில் தாண்டி 8.05க்கு ஸ்ரீவில்லிபுத்தூர், 8.35க்கு ராஜபாளையம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி அறுபது ரூபாய். அங்கிருந்து தென்காசி ரோட்டில் நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு. ஆட்டோக்காரர் என் பையைத் தூக்கி வைத்துவிட்டு, "உள்ள என்னக்கா, அம்மிக்கல்லா?" என்று கேட்டார்.

வீடு ரோட்டை ஒட்டி, முன்னால் உழவுக்கான இரண்டு ரொட்டவேட்டர்களும் சக்கரமில்லாத டிராக்டர் ஒன்றும். வேலுச்சாமிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். முண்டா பனியனில் வேர்த்து வழிய வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

"சார் வரலியா?"

"எந்த சார்? வாங்குறது நான்தான்."

"அப்பிடியா" என்று எழுந்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. எனக்கு இது பழகிப்போன விஷயம், ஆனால் கோபம் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வருகிறது.

பக்கத்திலிருந்த ஷெட்டை நோக்கி நடந்தவளை, "அங்க இல்லம்மா, உள்ள" என்று வீட்டுக்குள் கூப்பிட்டார். உள்ளே போய்ப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நடுவீட்டில், சோபா இருக்க வேண்டிய இடத்தில், சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டில் இன்ஜின் நின்றது. பூப்போட்ட போர்வை போர்த்தியிருந்தது. நேர் மேலே ஃபேன் மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் வாசலில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டு இன்ஜினுக்கு ஃபேன் போட்டு வைத்திருக்கிறார்!

"ஈரம் பிடிச்சிரக் கூடாதுல்லா" என்றார், ஏதோ உலக வழக்கம் போல.

போர்வையை விலக்கினார். அலுமினியம் அப்படியே வெள்ளையாக மின்னியது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வால்வ் கவர் மேல் காய்ந்து கிடந்தன. ரேடியேட்டர், வயரிங், கம்ப்யூட்டர், சாவி போடும் சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரு பிளைவுட் பலகையில் வரிசையாகத் திருகி, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். இருபது வருடத்தில் எத்தனையோ பழைய இன்ஜின்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி வைத்திருந்த ஆளைப் பார்த்ததில்லை.

9.40க்கு ஆரம்பித்தேன். முதலில் சூப்பர்சார்ஜர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன், தடையில்லாமல் சுற்றியது. ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன், கருப்புச் சேறு இல்லை. கவரைக் கழற்றி டைமிங் செயினின் குறிகளைச் சரிபார்த்தேன். இந்த வகை இன்ஜினில் பார்த்தே ஆக வேண்டியது அது. செயின் நீண்டிருந்தால் குறி விலகி நிற்கும், இதில் முடியளவுகூட விலகவில்லை. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு நேரே வயர் கொடுத்து நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுத்தேன். 165, 160, 168, 162. சந்தோஷத்தில் விசிலடிக்கத் தோன்றியது. வேலுச்சாமி ஒவ்வொரு எண்ணையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். கை துடைக்க இந்த ஊரில் நெய்கிற பேண்டேஜ் துணியைச் சுருட்டிச் சுருட்டிக் கொடுத்தார். பத்து நிமிடத்திலேயே "சார்" பற்றிய பேச்சு நின்று, "நீங்க சொல்லுங்க, நான் பிடிக்கேன்" என்று ஆகிவிட்டது.

அடுத்தது சூப்பர்சார்ஜர். பெல்ட் இல்லாமல் இருந்த அதன் சக்கரத்தை விரலால் தள்ளினேன். கால் சுற்றுச் சுற்றி டக்கென்று நின்றது. மறுபக்கம் தள்ளினால் அங்கேயும் டக். உள்ளே இருக்கும் இரண்டு ரோட்டர்களும் ஒன்றோடொன்று உரசாமல் மிக நெருக்கமாகச் சுற்ற வேண்டியவை. அவை சிக்கிக்கொண்டன என்றால் இந்த இன்ஜினை வாங்குவதில் அர்த்தமே இல்லை. காற்று போகும் வாயில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். உருண்டையாக, கருப்பாக, சுருங்கிப்போய் ஏதோ ஒன்று ரோட்டர் மேல் உட்கார்ந்திருந்தது.

"என்ன இது?"

அவரும் குனிந்து பார்த்தார். "அட! ஆயுத பூசைக்கு வச்ச எலுமிச்சம்பழம். வாய்ல வச்சேன், உள்ள உருண்டுட்டு போல. காங்கலையேன்னு அன்னைக்குப் பூரா தேடினேன்."

"சூப்பர்சார்ஜர் வாய்க்குள்ள எலுமிச்சம்பழம் வைப்பாங்களா?"

"காருன்னா சக்கரத்துக்கு அடியில வைக்கலாம். இதுக்குச் சக்கரம் இல்லையே" என்றார். நீள மூக்குக் குறடால் அதை உடைத்து உடைத்து எடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. கொட்டைகளை எண்ணிப் பார்த்து எடுத்தேன். பிறகு சக்கரத்தைத் தள்ளினேன். சத்தமே இல்லாமல் மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. ரோட்டரில் ஒரு கீறல் இல்லை. இதை யாராவது ஒரு விநாடி ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தாலும் எல்லாம் போயிருக்கும். ஏன் இத்தனை நாள் யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"சரி, ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருவோம். சாவி எங்க?"

வேலுச்சாமி பேண்டேஜ் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"சாவி உண்டியல்ல இருக்கு."

"எந்த உண்டியல்?"

"எங்க குலதெய்வம் கோயில் உண்டியல்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வகைக் காரில் சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். அந்தச் சாவியும் இந்தக் கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் இன்ஜின் பிடிக்கும். வேறு சாவி செய்யக் கம்பெனிக்குப் போனால் ஆர்.சி. கேட்பார்கள், இந்த வண்டியின் ஆர்.சி. ரத்தாகிவிட்டது. கம்ப்யூட்டரையே மாற்றலாம் என்றால் இன்ஜின் விலையைவிட அதிகம் ஆகும். உண்டியலில் விழுந்தது சாமிக்குச் சொந்தம், அதைத் திருப்பிக் கேட்கிற வழக்கமும் இல்லை. ஆக, என் எதிரே நிற்பது ஃபேன் காற்று வாங்குகிற இருநூற்று முப்பது கிலோ அலுமினியமும் இரும்பும்தான்.

ஏன் போனிலேயே சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். அவர் தலைகுனிந்தபடியே சொன்னார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து குடும்பத்தோடு வரும்போது விபத்து. எதிரே பஸ் வந்து, கார் புளியமரத்தில் மோதி, மகளின் கால் முறிந்தது. மகள் நடந்துவிட்டால் சாவியை உண்டியலில் போடுவதாக மனைவி செல்வராணி நேர்ந்துகொண்டார். ஏழு மாதத்தில் மகள் நடந்தாள், சாவி போய்விட்டது. காரைப் பிரித்து விற்றார், இன்ஜினை மட்டும் விற்க மனம் வரவில்லை. அதை அவர் நடுவீட்டுக்குக் கொண்டுவந்த அன்று செல்வராணி மகளோடு மம்சாபுரத்திலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு வருடமாகிறது.

"வாங்கும்போது ரெண்டு சாவி குடுத்திருப்பாங்களே?" என்று கேட்டேன்.

"இன்னொண்ணு ஆக்சிடெண்டுல தொலைஞ்சிட்டு. நீங்க வேணும்னா அவட்ட கேட்டுப் பாருங்க. நான் கேட்டா பேசமாட்டா."

வெறுங்கையோடு மதுரைக்குத் திரும்புவதற்கு மம்சாபுரமே மேல் என்று கிளம்பினேன். 1.50க்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ், பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே ஒரு தயிர்சாதம், ஐம்பது ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மம்சாபுரம், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மேற்கே மலை மொத்தமும் மேகத்துக்குள் இருந்தது, ஜன்னல் ஓரம் கிடைத்தும் எனக்கு எதையும் ரசிக்கத் தோன்றவில்லை. 3.40க்கு வீட்டைக் கண்டுபிடித்தேன்.

செல்வராணி சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர். சனிக்கிழமை ஆனதால் வீட்டில் இருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னதும் சிரித்தார். "எங்க நடுவீட்டு மாப்பிள்ளைய பாக்க வந்தவங்களா நீங்க? காப்பி குடிங்க மொதல்ல."

காபி வந்தது. விபத்தன்று பஸ் எதிரே வந்ததாக வேலுச்சாமி சொன்னாரே என்றேன்.

"பஸ்ஸு எதிர்க்க வரல. முன்னால போச்சு. அத முந்துறேன்னு இவரு மிதிச்சாரு. 'பாரு, மிதிச்ச ஒடனே எப்பிடி இழுக்குன்னு பாரு'ன்னு பிள்ளைட்ட சொல்லிக்கிட்டே மிதிச்சாரு. அடுத்தால மரந்தான்."

மிதித்த உடனே இழுக்கும் என்பதற்காகத்தானே நானே வந்திருக்கிறேன். என் ஒன்பது வயது மகளைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு திருமங்கலம் வரை ஒரே மிதி மிதிப்பதாக எத்தனை முறை கற்பனை செய்திருக்கிறேன்! கான்டெஸ்ஸாவின் பின் பிரேக் இன்னும் பழைய டிரம் பிரேக். அதை மாற்றுவதைப் பற்றி நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"சரி, தப்பு யாருக்கும் வரும்" என்று செல்வராணி தொடர்ந்தார். "பெரியாஸ்பத்திரில பிள்ளைக்குக் கால்ல கம்பி வச்சிட்டிருக்காக. இவரு மறுநா காலையில கண்ணு முழிக்காரு. நான் பக்கத்துல நிக்கேன். மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? இன்ஜினுக்கு அடி பட்டுச்சான்னு கேட்டாரு."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவர் எழுந்து போய் பீரோவைத் திறந்தார். கைக்குட்டையில் முடிந்திருந்ததை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். இரண்டாவது சாவி. ஆஸ்பத்திரிப் பையின் அடியில் கிடந்ததாம். நேர்ந்துகொண்டது ஒரு சாவிக்குத்தான், அதனால் இதைப் போடவில்லை.

"நேர்ல வந்து கேட்டா குடுக்கலாம்னு வச்சிருந்தேன். ரெண்டு வருசமா இந்தா இருக்கு, குறுக்கு ரோட்டுல பதிமூணு கிலோமீட்டரு, ஒரு நா வரல. போன்ல மட்டும் இன்ஜின வித்துட்டா வருவியா, வருவியான்னு. நான் அந்த இரும்புக்காவா வந்தேன்? அது என்ன பண்ணுச்சு பாவம்." சாவியை என் பக்கம் தள்ளினார். "கொண்டு போங்க. ஒண்ணே ஒண்ணு. இது எங்கிட்ட இருந்துச்சு, நான்தான் குடுத்து விட்டேன்னு சொல்லுங்க. மொதல்ல என்ன கேக்காருன்னு பாத்து எனக்குச் சொல்லுங்க. என்னப் பத்தி, பிள்ளையப் பத்தி ஒரு வார்த்த கேட்டாருன்னா நான் நாளைக்கே போயிருவேன்."

அவரும் நானும் போன் நம்பர் மாற்றிக்கொண்டோம். 5.45க்கு மறுபடி ராஜபாளையம். வேலுச்சாமி இன்ஜினை முற்றத்துக்கு உருட்டி வந்து, பெல்ட்டைத் திரும்ப மாட்டி, ரேடியேட்டரில் தண்ணீர் விட்டு, ஐந்து லிட்டர் கேனில் பெட்ரோல் பம்ப்பை இறக்கி எல்லாம் தயாராக வைத்திருந்தார். நான் சாவியை நீட்டினேன். "உங்க வீட்டுக்காரம்மாதான் குடுத்துவிட்டாங்க. இத்தனை நாள் அவங்கதான் பத்திரமா வச்சிருந்தாங்க" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவர் வாங்கிக்கொண்டார். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ சொன்னார், நான் பதில் சொன்னேன். இருவருமாகப் பலகைக்கு முன்னால் குனிந்தோம்.

இரண்டாவது முயற்சியில் பிடித்தது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாலு சிலிண்டரும் ஒரே சீராக, அதற்கு மேலே சூப்பர்சார்ஜரின் மெல்லிய விசில். பன்னிரண்டு நிமிடம் ஓட்டினோம். ஆயில் அழுத்தம், சூடு, புகை எல்லாம் சரி. வேலுச்சாமி அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கியிருந்தது.

அன்றிரவு பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜில் தங்கினேன், அறை எழுநூறு. மறுநாள் காலை எழுபத்தைந்தாயிரத்துக்கு முடித்து, ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றினோம். மதுரைக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர், வாடகை நாலாயிரத்து ஐநூறு. நான் கிளம்பும்போது வேலுச்சாமி நடுவீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். "சாயங்காலம் வந்துருவா" என்றார். சட்டை மாற்றியிருந்தார்.

இதே போல் பழைய சூப்பர்சார்ஜர் இன்ஜின் பார்க்கப் போகிறவர்களுக்கு: சாவி, கம்ப்யூட்டர், சாவி சுவிட்ச் மூன்றும் ஒரே வண்டியினுடையதா என்று போனிலேயே கேளுங்கள். செயின் குறியைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். காற்று வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள், உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. கேட்ட விலையில் ஒரு பங்கைப் பிரேக்குக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். என் கொட்டகையில் இன்ஜின் இன்னும் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்த பிறகுதான் அது வண்டிக்குள் இறங்கும். ராஜபாளையத்துக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிறு பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது.

செல்வராணியின் போன் அந்த ஞாயிறு காலையே வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்தி அரை கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் பெயரைத் திரையில் பார்த்ததும்தான் எனக்கு நினைவே வந்தது. நேற்று மாலையிலிருந்து, இன்ஜின் ஓடி, நான் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, ஏற்றி முடித்தும் நான் அவருக்குச் சொல்லவேயில்லை.

"மொதல்ல என்ன கேட்டாரு?"

உங்களைத்தான் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஒரு பொய், அவ்வளவுதான், சாயங்காலம் அவர் அந்த வீட்டில் இருப்பார். ஆனால் சாவியைக் கைக்குட்டையில் முடிந்து பீரோவில் வைத்திருந்தவரிடம் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"சாவியில பேட்டரி இருக்கான்னு கேட்டாருக்கா."



"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

கடைக்காரர் பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதை வாங்கக் கை வரவில்லை.

"பேட்டரி இல்லாட்டியும் ஸ்டார்ட் ஆகும்னு சொன்னேன்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்கா" என்றேன்.